குளோரின் அளவு

காலை ஆறரைக்கு நீச்சல்குளத்தைத் திறக்குமுன்
ஸ்வான்லாய்க் ஒரு குப்பியில் நீர் மொள்வாள்.
அதில் ஒரு மாத்திரை. குலுக்கினால் இளஞ்சிவப்பு.
அட்டையில் இருக்கும் நிறங்களோடு ஒப்பிட்டுப்
பதிவேட்டில் எழுதுவாள்: பூச்சியம் புள்ளி எட்டு.
பத்தொன்பது வருடமாக இதே கிறுக்கல்.

ஐஸ்லாந்தின் மேற்கோரம், மலை இடுக்கில் ஒரு ஃபியோர்டு.
நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி முடிவில்தான் எட்டிப்பார்க்கும்.
நீராவிக்குள் தலைகள் மட்டும் மிதக்கும்.
முதல் தலை எப்போதும் குத்பியார்த்துர்,
இழுவைப்படகு ஓட்டி ஓய்ந்தவர்.
"இன்றைக்குக் கண் எரிகிறது" என்பார்,
எரியாத நாளிலும்.

குறைந்தால் ஓடுகளின் இடுக்கில் பச்சை வழுக்கும்.
கூடினால் பிள்ளைகளின் கண் சிவக்கும்.
நடுவே இருக்கும் மயிரிழைக்குத்தான்
நகராட்சி அவளுக்குச் சம்பளம் தருகிறது.

அக்டோபரில் மூக்கில் ரத்தம். வறண்ட காற்று என்றார்கள்.
பிறகு முட்டி வலி. குளிர் என்றார்கள்.
பிறகு ஒரு விடியலில், கழிப்பறையில்,
துருப்பிடித்த குழாயில் வருவதுபோல நீர்.
குழாயைத்தான் முதலில் சந்தேகித்தாள்.

ரேக்யவிக்கில் ஊசி விட்டுச்
சிறுநீரகத்தில் ஒரு நூலளவு எடுத்தார்கள்.
மருத்துவர் ஹ்ராஃப்ன்ஹில்துர்
காகிதத்தின் பின்புறம் ஒரு வட்டம் வரைந்தாள்.
"இது வெள்ளணு. ரத்தத்தில் ஒரு நாள் வாழ்ந்தால் அதிகம்.
வயிற்றில் பொட்டலம் பொட்டலமாய் ஒரு நொதி,
மயலோபெராக்சிடேஸ்.
சளி பச்சையாக இருக்கிறதே, அது இதன் நிறம்.
கிருமியை விழுங்கியதும்
உடம்பின் உப்பை எடுத்து இது காய்ச்சுவது..."

பெயர் புரியுமா என்று தயங்கினாள்.

"ஹைப்போகுளோரஸ் அமிலம்," என்றாள் ஸ்வான்லாய்க்.
"என் குளத்திலும் அதுதான் வேலை செய்கிறது.
கிடங்கில் பதினோரு கேன் இருக்கிறது."

இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம்.

வேலி பயிரை மேய்ந்த கதை இல்லை இது.
வேலியைக் கள்ளன் என்று யாரோ கைகாட்ட,
மிரண்ட வேலி நின்ற இடத்திலேயே
முள்ளையெல்லாம் உதிர்த்துவிட்டது.
உடம்பு தன் நொதிக்கே எதிராக
ஆள் சேர்த்திருந்தது.
கிருமி ஒன்றுமில்லாத நுண்நாளச் சுவர்களில்
கேன் கேனாய்க் கவிழ்ந்தது அமிலம்.
சாகும்போது அந்த அணு தன் மரபிழையையே
வலையாக வீசுமாம், நொதி ஒட்டிய வலை.

வலை என்றதும் அவளுக்குக் குத்பியார்த்துர் ஞாபகம்.
கடலடியில் அறுந்து தங்கிய வலை
ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும் என்பார்.
வருடக்கணக்கில். யாருக்கும் ஆகாத மீன்.

அவர்கள் பேச்சில் அழற்சிக்கு வீக்கம் என்றே பெயர்.
நம் சொல்லில்தான் அழல் இருக்கிறது.
அவளுக்கு இரண்டும் இருந்தன.

"அந்த அணுக்களை முழுக்க அணைத்துவிட முடியாதா?"
கேட்டுவிட்டு அவளே சொன்னாள்:
"முடியாது. ஓடெல்லாம் பச்சை பிடிக்கும்."

மார்ச்சில் திரும்பி வந்தாள்.
ஸ்டீராய்டில் முகம் நிலாவாய் உப்பியிருந்தது.
விசிலை ஊத மூச்சு பாதிதான் எட்டியது.
குளக்கரையில் சிறுமி இல்முர்,
மூக்குக்குக் கீழே கெட்டியான பச்சை ஒழுக்கு.
ஸ்வான்லாய்க் இரண்டடி பின்வாங்கிக்
கையை முழு நீளத்துக்கு நீட்டிக் காகிதம் கொடுத்தாள்.
சிறுமி சிந்தினாள், மடித்தாள், எறிந்தாள்.
குப்பைக்கூடையை ஒரு கணம் எட்டிப்பார்த்தாள் இவள்,
தன் வீட்டில் கலகம் செய்தவன்
அடுத்த வீட்டில் ஒழுங்காக வேலை பார்ப்பதை
ஜன்னல்வழி பார்ப்பதுபோல.

நீராவிக்குள்ளிருந்து குரல்:
"கண் எரிகிறது."

வழக்கம்போல் தலையாட்டிவிட்டுத் திரும்பியவள்
என்ன தோன்றியதோ, குப்பியை எடுத்தாள்.
மாத்திரை விழுந்தது. விரல்கள் நடுங்கின;
குலுக்கவே வேண்டியிருக்கவில்லை.
இளஞ்சிவப்பு இல்லை. செம்பருத்தி.
காலையில் இந்தக் கைதான் திருகியது வால்வை.

"எல்லாரும் வெளியே வாருங்கள்," என்றாள்.
குத்பியார்த்துர் படியேறியபோது
அவர் கண்களைப் பார்த்தாள்.
பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக
சிவந்திருந்தன.